மெய்யியலையும் சமூகவியலையும் ஒன்றாகப் படிப்பது: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

மார்ச் 6 (கேள்வி)

இம்முறை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தபடியால் மெய்யியலைத் தொடர விருப்பம் உண்டு. சமூகவியல் பாடசாலையில் இல்லாத பாடம். ஆனாலும் அதையும் சேர்த்து எடுக்க யோசிக்கிறேன். "ஒன்று கதிரையில் இருந்து யோசிக்கிற பாடம், மற்றது வீடு வீடாகப் போய்க் கேட்கிற பாடம்; இரண்டையும் எடுத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும்" என்று அண்ணா சொல்கிறார். இரண்டையும் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.
கரவெட்டியிலிருந்து ஒரு மாணவன்

மார்ச் 7

இரண்டையும் எடுங்கள்.

நான் இதே பல்கலைக்கழகத்தில் மெய்யியலைச் சிறப்புப் பாடமாகவும் சமூகவியலைத் துணைப் பாடமாகவும் படித்தவள்; இப்போது வலிகாமத்தில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் கற்பிக்கிறேன். அண்ணா சொல்லும் ஆபத்து உண்மையானது. எங்கள் அணியில் இரண்டையும் எடுத்த பலர் மெய்யியலுக்கு ஒரு கொப்பி, சமூகவியலுக்கு ஒரு கொப்பி என்று வைத்து, ஒன்றில் ஜேர்மன் மெய்யியலாளர் கான்டையும் மற்றதில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் டூர்கைமையும் எழுதி, பரீட்சை முடிந்ததும் இரண்டையும் மூடிவிட்டார்கள். டூர்கைம் தமது கடைசிப் பெருநூலில் கான்டுக்குத்தான் மறுமொழி சொல்கிறார் என்பது எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை. அப்படிப் படித்தால் அண்ணா சொன்னதுபோல இரண்டும் அரைகுறையாகவே முடியும். ஒரே பிரச்சினையை எடுத்து, அதை இரண்டு பாடங்களுக்குள்ளாலும் கொண்டுபோய்ப் பார்ப்பவருக்கே இந்தச் சேர்க்கை பயன்படும். எப்படி என்பதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

மார்ச் 9

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமூகவியல் என்ற பெயரை 1839இல் ஒகஸ்ட் கொம்ட் தமது மெய்யியல் விரிவுரைத் தொகுதியின் நான்காம் பாகத்தில் அறிமுகப்படுத்தினார். மார்க்ஸ் 1841இல் ஜேனாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றது கிரேக்க அணுவாதிகளான டெமோகிரிட்டசையும் எபிகியூரசையும் ஒப்பிட்ட ஆய்வுக்காக. டூர்கைம் 1882இல் மெய்யியல் ஆசிரியர் தகைமைத் தேர்வில் சித்தியடைந்து, உயர்பாடசாலைகளில் மெய்யியல் கற்பித்து, 1887இல் போர்தோப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஜேர்மன் சமூகவியலாளர் சிமெல் கான்டைப் பற்றிய ஆய்வோடு தொடங்கி, "இயற்கை எவ்வாறு சாத்தியமாகிறது?" என்ற கான்டின் கேள்வியை "சமூகம் எவ்வாறு சாத்தியமாகிறது?" என்று 1908இல் திருப்பிக் கேட்டார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவும் மெய்யியல் படித்துவிட்டு அல்ஜீரியாவில்தான் களத்துக்குள் இறங்கினார்.

இந்தப் பட்டியலை மட்டும் காட்டி இரண்டையும் படிக்கச் சொல்வது பலவீனமான வாதம். இரசாயனவியலும் ஒருகாலத்தில் மெய்யியலின் வளவுக்குள் இருந்ததுதான். அதற்காக இரசாயனவியல் மாணவரை யாரும் அரிஸ்டோட்டில் படிக்கச் சொல்வதில்லை. சமூகவியலின் நிலை வேறு. சமூக நேர்வு என்றால் என்ன, ஒரு செயலை விளக்குவது அதன் காரணத்தைச் சொல்வதா பொருளைச் சொல்வதா, ஆய்வாளரின் விழுமியம் ஆய்வுக்குள் வரலாமா என்ற கேள்விகள் அங்கே இன்னும் தீரவில்லை. அவற்றுக்கு விடை எடுக்காமல் ஒரு வினாக்கொத்தைக்கூட எழுத முடியாது. விடை எடுத்ததை உணராமலே எழுதுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

மார்ச் 14

"வினாக்கொத்தில் மெய்யியல் எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் களவேலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாசி மாதம். ஒரு கரையோரக் கிராமம், பெயர் வேண்டாம். சமூகவியல் ஒப்படைக்காகக் குழுவாகப் போயிருந்தோம். எனக்குக் கிடைத்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் வயதான அம்மா ஒருவர் அவித்த பனங்கிழங்கை நெடுக்காகக் கிழித்து, நடுவில் இருக்கும் தும்பை இழுத்தெறிந்துவிட்டு, புழுக்கொடியலுக்காகப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். வினாக்கொத்தில் ஒரு கேள்வி: "உங்கள் ஊரில் சாதி வேறுபாடு கடைப்பிடிக்கப்படுகிறதா?" ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பெட்டிகள். "இப்ப அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை, எல்லாரும் ஒற்றுமையாத்தான் இருக்கிறம்" என்றார். "இல்லை" என்ற பெட்டியில் அடையாளம் இட்டேன்.

அடுத்த கேள்வி எவ்வளவு காலமாக அங்கே வசிக்கிறார் என்பது. அதற்குப் பதில் சொல்லும்போது தகப்பனாரின் செத்தவீட்டுக் கதை வந்தது. பிரேதத்தை நேர்வீதியால் கொண்டுபோகாமல் கடற்கரைப் பாதையால் சுற்றிக் கொண்டுபோனதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "எங்கட ஆக்களை அந்தக் கோயில் வீதியால கொண்டுபோறேல்லை. அவை அவையின்ர பாட்டில, நாங்கள் எங்கட பாட்டில. பிரச்சினை ஒண்டும் இல்லை" என்றார். கிழங்கு கிழிக்கும் கை அப்போதும் நிற்கவில்லை.

கணினியில் பதியும்போது அவருடைய பதில் "இல்லை" என்ற நிரலில்தான் விழுந்தது. எங்கள் குழுவின் அட்டவணையில் அந்தக் கிராமம் சாதி வேறுபாடு பெரும்பாலும் அற்றுப்போன கிராமமாகத் தோன்றியது.

அவர் பொய் சொன்னாரா? படித்த பிள்ளைக்கு முன்னால் ஊரை விட்டுக்கொடுக்க விரும்பாமல் சொன்னார் என்று எடுக்கலாம். அல்லது அடிதடியும் அவமதிப்பும் இருந்தால் மட்டுமே அது வேறுபாடு, சுற்றுப்பாதை வெறும் வழக்கம் என்று அவர் உண்மையாகவே கருதினார் என்று எடுக்கலாம். ஊர் எப்படி இருக்க வேண்டுமென்று விரும்பினாரோ அதைச் சொன்னார் என்றும் எடுக்கலாம். எதை ஏற்கிறோமோ அதற்கேற்ப "நம்பிக்கை" என்பதற்கு நாம் கொடுக்கும் வரைவிலக்கணம் மாறுகிறது. ஒருவர் நம்புவது அவர் வாயால் சொல்வதிலா, காலால் நடக்கும் பாதையிலா இருக்கிறது என்பது சுத்தமான மெய்யியற் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு விரிவுரை மண்டபத்தில் வரவில்லை. அந்தப் பாயின் ஓரத்தில் இருந்தபோதுதான் வந்தது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படித்திருந்தால், ஒன்றில் அந்த அம்மாவைச் சந்தித்திருக்க மாட்டேன், அல்லது சந்தித்தும் பெட்டியில் அடையாளம் இட்டதோடு வந்திருப்பேன்.

மார்ச் 15

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. சைவசித்தாந்தம் அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் அடக்குகிறது. இந்திய மெய்யியல் மரபுகளில் ஒன்றான நியாய தரிசனம் காட்சி, அனுமானம், உவமானம், சொல் என்று நான்கு கொள்கிறது. இரண்டிலும் பிறர் வாய்ச்சொல் தனி அளவையாக நிற்கிறது. அதற்கு நியாயவாதிகள் விதிக்கும் நிபந்தனை, சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்பது. விடயத்தை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவராகவும் இருப்பவரே ஆப்தர்.

வினாக்கொத்தில் வரும் தரவு முழுவதும் பிறர் வாய்ச்சொல் என்ற இந்த அளவைதான். அறிவு, விருப்பம் என்ற இரண்டு நிபந்தனைகளும் ஒவ்வொரு பதிலிலும் நிறைவேறியிருக்கின்றனவா என்று கேட்பதற்கு மேற்கத்தைய முறையியல் நூலைத்தான் திறக்க வேண்டுமென்றில்லை. சித்தாந்த வகுப்பில் மனனம் செய்த அளவை இலக்கணத்தைக் களத்துக்குக் கொண்டுபோனாலே போதும். எங்கள் மாணவர்கள் அதைத் தோத்திரம்போல ஒப்புவித்துவிட்டு விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மார்ச் 22

"இது வினாக்கொத்தை மோசமாக எழுதியதன் விளைவு; அவதானிப்பும் ஆழமான நேர்காணலும் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும், மெய்யியல் தேவையில்லை" என்று ஒரு சமூகவியல் பட்டதாரி எழுதியிருக்கிறார். பாதி சரி. அவதானித்திருந்தால் பிரேதம் சுற்றிப்போவதைக் கண்டிருப்போம். ஆனால் கண்டதை என்னவென்று பெயரிடுவது என்ற கேள்வி அப்போதும் மிஞ்சியிருக்கும்.

1958இல் மெய்யியலாளர் பீற்றர் வின்ச் இதைப் பற்றி எழுதிய சிறு நூல் இந்த இடத்தில் உதவும். ஒரு செயல் இன்ன செயல் என்பதை அதைச் செய்பவர்கள் பின்பற்றும் விதியைக் கொண்டே அடையாளம் காண முடியும். ஆகவே சமூகத்தை விளங்குவது இயற்கையை விளக்குவதிலிருந்து அடிப்படையிலேயே வேறு என்பது அவருடைய வாதம். முதன்முதல் வாசித்தபோது முழுவதும் சரியென்று பட்டது. பிறகு மாவிட்டபுரத்தை வைத்துப் பார்த்தபோது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்துவிட்டது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டவர்களும் தடுத்தவர்களும் எதிரெதிரே நின்றார்கள். தடுத்தவர்கள் ஆகம ஒழுங்கைக் காப்பதாகச் சொன்னார்கள். வெளியே நின்றவர்கள் தங்கள் வழிபாட்டு உரிமையைச் சொன்னார்கள். செய்பவர்களின் விதியைக் கொண்டுதான் செயலை விளங்க வேண்டும் என்றால், அந்த வாசலில் எவருடைய விதியை எடுப்பது? ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே முருகன். விதி ஒன்றாக இல்லை. வின்ச் சமூகத்தை ஒரு விதித்தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமாகக் காண்கிறார். எங்கள் சமூகத்தில் அந்த விதியை ஆக்கும் அதிகாரமே சண்டைப் பொருளாக இருந்தது. மெய்யியலாளரின் வாதத்தில் இருக்கும் இந்த இடைவெளியைக் காட்டித் தந்தது சமூகவியல்.

ஆகவே மார்ச் 9இல் எழுதியதை ஒரு படி நீட்டிக்கொள்கிறேன்: சமூகவியலின் அடித்தளத்தை மெய்யியல் பரிசோதிப்பதுபோல, மெய்யியலின் உதாரணங்களைச் சமூகவியலும் பரிசோதிக்கிறது.

ஏப்ரல் 16

வருடப்பிறப்பு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். பக்கத்து வீட்டில் திருக்கணித பஞ்சாங்கம். இரண்டும் புண்ணிய காலத்தை வேறு வேறாகக் கணிப்பதால், ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் மருத்துநீர் வைக்கும் நேரம் வேறாகியது. பிள்ளைகள் "எங்கட வருசம் பிறந்திட்டுது, உங்கட இன்னும் பிறக்கேல்லை" என்று மதிலால் எட்டிச் சொல்லி விளையாடினார்கள்.

கான்டின்படி காலமும் இடமும் எங்கள் புலனுணர்வின் வடிவங்கள். காரணம் போன்றவை பகுத்தறிவின் வகையீடுகள். இவை அனுபவத்துக்கு முன்னமே மனத்தில் இருப்பவை. டூர்கைம் 1912இல், இவை எல்லாம் சமூகத்திலிருந்து வந்தவை என்றார். நாள், வாரம், பருவம் என்ற பிரிவுகள் சடங்குகளும் திருவிழாக்களும் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் காட்டுகின்றன, நாட்காட்டி கூட்டு வாழ்க்கையின் தாளத்தை வெளிப்படுத்துகிறது என்பது அவர் வாதம். நல்லூரின் 25 நாள் திருவிழாவைச் சுற்றி மாமிசம் நிறுத்துவதும் கலியாணம் ஒத்திவைப்பதும் கடை போடுவதும் எப்படி ஒழுங்காகின்றன என்று கண்ட எவருக்கும் அவர் சொல்வது உடனே விளங்கும்.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் விளையாட்டையே திரும்பப் பாருங்கள். எந்தக் கணம் வருடப்பிறப்பு என்பதைப் பஞ்சாங்கமும் அதை ஏற்கும் குடும்பமும் தீர்மானிக்கின்றன. ஒரு வீட்டில் முன்னும் மற்ற வீட்டில் பின்னும் என்று அந்தப் பிள்ளைகள் ஒப்பிட்டார்களே, அந்த முன்னும் பின்னும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அது முதலே இருந்தால்தான் இரண்டு பஞ்சாங்கங்களையும் ஒப்பிட முடியும். சமூகம் காலத்தைப் பிரிக்கிறது என்பதை டூர்கைம் நன்றாகவே காட்டுகிறார். காலம் என்ற வடிவத்தையே சமூகம் தந்தது என்பது அதிலிருந்து பெறப்படாது. எடுகூற்றுகள் (வாதம் தொடங்கும் கூற்றுகள்) உண்மை, முடிவு அவற்றை மீறிப் போகிறது. அளவையியல் படித்த மாணவருக்கு இந்த இடம் உடனே கண்ணில் படும். படாவிட்டால் அவர் படித்த அளவையியல் பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது என்றுதான் சொல்வேன்.

ஏப்ரல் 17

மேலே எழுதியதைக் கொண்டு டூர்கைமை ஒதுக்கிவிட வேண்டாம். இனம், வகை, முழுமை என்ற வகையீடுகளைப் பற்றி அவர் சொல்வது காலத்தைப் பற்றிச் சொல்வதைவிட வலுவானது. பகுதி பகுதியாகப் பிரித்து மதிப்பிடுங்கள்.

மே 3

ஒன்றை இன்னொன்றின் காரணம் என்று சமூகவியல் எப்படிச் சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். இதை எழுதுவதற்குக் கொஞ்சம் யோசித்தேன். ஏனென்றால் எடுத்துக்காட்டு தற்கொலை, இதை வாசிப்பவர்களில் வீட்டில் அந்த இழப்பைக் கண்டவர்கள் இருப்பார்கள். ஆனால் சமூகவியல் தன்னை ஒரு விஞ்ஞானமாக நிறுவ முயன்றது 1897இல் டூர்கைம் எழுதிய தற்கொலை ஆய்வைக் கொண்டுதான். அதைத் தவிர்க்க முடியாது.

சமூகப் பிணைப்புக் குறையும்போது தற்கொலை வீதம் கூடும், பிணைப்பு இறுகும்போது குறையும். பெரிய போர்க்காலங்களில் வீதம் இறங்கும் என்றார் அவர். யாழ்ப்பாண மருத்துவர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வும் போர்க்காலத்தில் இங்கே வீதம் குறைந்ததைக் காட்டியது. முதற்பார்வைக்கு டூர்கைமின் வெற்றி. ஆனால் முழு இலங்கையையும் எடுத்தால் கதை வேறு வழியில் போகிறது. நாட்டின் வீதம் 1995 அளவில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்துக்குப் போய், அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் இதற்கு முதன்மையாகக் காட்டுவது கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளுக்கு விதித்த தடையை. சமூகப் பிணைப்பு திடீரென்று இரு மடங்காகவில்லை. ஒரு கணத்து வேதனையில் கைக்கெட்டியது முன்னர்போல உயிரைப் பறிக்காததால் ஆயிரக்கணக்கானோர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

அப்படியென்றால் காரணம் எது? பிணைப்பின்மையா, நஞ்சு கிடைத்ததா? இரண்டும் நிபந்தனைகள். அவற்றில் எதைக் "காரணம்" என்று தனியே எடுத்துச் சொல்கிறோம் என்பது, எதை மாற்ற முடியும், எதற்காக விளக்கம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. தடையால் வீதம் குறைந்தது என்ற உண்மை, மக்கள் ஏன் அந்த வேதனைக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை ஆகாது. ஆனால் பிணைப்பை மட்டும் பேசிக்கொண்டிருந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிரா. உங்கள் உயர்தரப் பாடத்திட்டத்தில் இருக்கும் போதுமான நிபந்தனையும் தேவையான நிபந்தனையும் இங்கேதான் வேலை செய்கின்றன.

மே 20

நேற்று முன்தினம் எங்கள் சந்தியில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி வழங்கினார்கள். பெரிய கிடாரம், தேங்காய்ச் சிரட்டைகள், உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும். என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் போர் முடிந்த 2009 மே மாதத்தை நினைவில் வைத்திருக்க முடியாத வயதினர். அவர்களும் வரிசையில் நின்று சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்கள். ஒரு பிள்ளை குடித்து முடித்து, "ரீச்சர், எனக்கு ஞாபகம் இல்லாததை நான் எப்படி நினைவுகூருறது?" என்று கேட்டது. அந்த இடத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை.

மோரிஸ் ஹல்ப்வாக்ஸ் என்பவரைப் பற்றி இதற்காகத்தான் எழுத வேண்டும். அவர் மெய்யியலாளர் பெர்க்சனிடம் படித்தவர். பெர்க்சன் 1896இல் நினைவைத் தனி மனிதரின் உள்ளே ஓடும் காலத்தோடு சேர்த்து ஆராய்ந்திருந்தார். ஹல்ப்வாக்ஸ் பின்னர் டூர்கைமின் பக்கம் வந்து, 1925இல், நாம் எதையும் நினைவுகூர்வது குடும்பம், சமயம், வகுப்பு போன்ற கூட்டங்கள் தரும் சட்டகங்களுக்குள் நின்றுதான் என்று வாதிட்டார். தனியே இருந்து நினைக்கும்போதுகூட மொழியும் இடப்பெயர்களும் தேதிகளும் கூட்டத்தினுடையவை. அவர் 1945இல் புக்கன்வால்ட் நாசி வதைமுகாமில் இறந்தார்.

இங்கே இரண்டு பாடங்களும் உண்மையாகவே மோதுகின்றன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற யாழ்ப்பாண உளமருத்துவர்கள், போருக்குப் பின்னர் எங்கள் சமூகத்துக்கு ஏற்பட்டதைத் தனிநபர் நோயாக மட்டும் பார்க்காமல் கூட்டு மனவடுவாக விளங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மெய்யியல் மாணவர் கேட்பார்: வலிப்பதற்கு ஓர் உடலும் ஓர் உள்ளமும் வேண்டாமா? சமூகத்துக்கு எந்த உள்ளம்? மெய்யியலாளர் பொப்பரும் சமூகவியலாளர் வெபரும் இந்தக் கேள்வியின் பக்கம்தான் நிற்பார்கள்; சமூகம் என்று சொல்வதையெல்லாம் கடைசியில் தனிமனிதச் செயல்களாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பார்கள்.

நான் நீண்ட காலம் அந்தப் பக்கம் நின்றேன். இப்போது அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். கூட்டு மனவடு என்று எழுதுபவர்கள் வானத்தில் ஒரு பொது உள்ளம் மிதப்பதாகச் சொல்லவில்லை. அயலவர் மீது நம்பிக்கை போய்விட்டது, செத்தவீட்டுச் சடங்கு செய்ய உடல் கிடைக்கவில்லை, ஊரே இடம்பெயர்ந்ததால் பிள்ளையை ஊர் சேர்ந்து பார்க்கும் பழக்கம் அறுந்தது. இவற்றில் எதையும் ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் வைத்துக் காட்ட முடியாது. இவை மனிதர்களுக்கு இடையில் இருந்தவை, இடையிலேயே முறிந்தவை. ஒவ்வொருவரையும் தனித்தனியே குணப்படுத்தினாலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். கூட்டத்துக்கு உள்ளம் உண்டென்று ஏற்காமலே கூட்டத்துக்கு ஊறு நேரும் என்று ஏற்கலாம். ஆனால் ஆள் ஆளாகத் துயரப்பட்டவரின் தனித்துவத்தை "கூட்டு" என்ற பேச்சு விழுங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் விட முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு அவன் ஒரு மகன்.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன்: நீ கண்ட ஒன்றை நினைவுகூரவில்லை, கண்டவர்கள் உனக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறாய், வாங்கினதை விசாரித்துப் பார்க்கும் பொறுப்பும் உனக்கு உண்டு. அது முழுமையான விடையா என்று எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை.

யூன் 2

வேலை பற்றிக் கேட்கிறார்கள். சுருக்கமாக: ஆசிரியர் நியமனம், அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி, நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சை, அரசசார்பற்ற நிறுவனங்களின் களவேலை. அளவையியல் கற்பிக்க மெய்யியல் பட்டம் நேரே உதவும். களவேலைக்குச் சமூகவியலை விரும்பிக் கேட்பார்கள். ஆங்கில வாசிப்பை முதலாம் வருடத்திலேயே தொடங்குங்கள். நாளுக்கு ஒரு பக்கம் மூலநூலை அகராதியோடு வாசித்தாலும் போதும். பழைய அணிகளின் கைமாறிய குறிப்புகளை மட்டும் நம்பிப் படிப்பவர்கள், குறிப்பெழுதியவரின் விளக்கத்தையே டூர்கைமின் கூற்றென்று விடைத்தாளில் எழுதுகிறார்கள்.

யூன் 11

இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு வரும் இரண்டு கெட்ட பழக்கங்களைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை ஒருபக்கமாகிவிடும்.

முதலாவது, ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் அதைத் தள்ளிவிட்டதாக நினைப்பது. "நாவலர் வேளாளச் சைவத்தின் குரல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அவர் எழுதியதில் ஒரு பக்கத்தையும் வாசிக்காமல் முடித்துவிடும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறுமுக நாவலர் 1822இல் நல்லூரில் எந்தக் குடியில் பிறந்தார், எந்தக் கூட்டத்தின் நலனுக்கு அவர் எழுத்து உதவியது என்பன முறையான சமூகவியற் கேள்விகள். அவற்றைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய ஒரு வாதம் செல்லுபடியாகுமா என்பதற்கு அந்த விடைகள் போதா. அடக்கும் சாதியில் பிறந்தவர் சரியான வாதம் சொல்லலாம், அடக்கப்பட்டவர் பிழையான வாதம் சொல்லலாம். தோற்றத்தைக் காட்டிக் கருத்தைத் தள்ளுவது போலி என்று உயர்தரத்திலேயே படித்திருக்கிறீர்கள். அதே அளவு முக்கியமானது: வாதம் செல்லுபடியாகிறது என்பதைக் காட்டி, அது யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கவும் கூடாது. மார்ச் 22இல் மாவிட்டபுரத்தைப் பற்றி எழுதியதை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் கேட்டுக் கேட்டுக் களத்துக்கே போகாமல் இருப்பது. மெய்யியல் மாணவர்களிடம் இது அதிகம். "சாதி என்றால் என்ன என்பது தெளிவாகும்வரை ஆய்வு தொடங்க முடியாது" என்று இரண்டு அரையாண்டுகளைக் கழித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. களத்துக்குப் போன பிறகுதான் வரைவிலக்கணத்தின் எந்த மூலை பொருந்தவில்லை என்று தெரியவரும். தற்காலிகமான வரைவிலக்கணத்தோடு போங்கள். திரும்பி வந்து திருத்துங்கள்.

யூன் 18

கரவெட்டித் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். இரண்டு பாடங்களுக்கும் பதிந்துவிட்டாராம். முதலாவது சிறு ஆய்வுக்குச் சீதனத்தை எடுக்கலாமா என்று கேட்கிறார். எடுங்கள், ஆனால் "சீதனத்தை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டாம். எல்லோரும் இல்லை என்பார்கள், மார்ச் 14இல் நான் இட்டதுபோல நீங்களும் பெட்டியில் அடையாளம் இட்டு வருவீர்கள்.

உங்கள் ஒழுங்கையிலேயே தொடங்குங்கள். எந்தெந்த வீடும் வளவும் மகளுக்கு எழுதிக் கொடுத்த உறுதியால் (காணிப் பத்திரத்தால்) கைமாறின என்று பெரியவர்களிடம் கேளுங்கள். உறுதி பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்கள் நுணுக்கமாகப் பேசுவார்கள், எல்லைக் கதியால் முதல் கிணற்றுப் பங்கு வரை சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்க்கையில் சம்பாதித்தது) என்று பிரித்தது. அந்தப் பிரிவில் சீதனம் பெண்ணுக்குரிய சொத்து. இன்று மணமகன் வீட்டார் காசாகக் கேட்பதையும் சீதனம் என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே நிறுவனமா, ஒரு பெயரின் கீழ் ஒளிந்திருக்கும் இரண்டா என்பது நீங்கள் தீர்க்க வேண்டிய முதலாவது கேள்வி. அதற்குச் சட்டத்தொகுதியையும் ஒழுங்கையின் உறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, ஒருவர் சீதனம் தவறு என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டு மகளுக்கு வீடு கட்டுகிறார் என்றால், அவர் தன்னோடு தானே முரண்படுகிறாரா, அல்லது மகளின் பாதுகாப்பு என்ற வேறொரு கடமையைச் செய்கிறாரா என்று கேளுங்கள். முந்தையது என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம்.

வெபர் கேட்கும் விழுமிய நடுநிலை, அதாவது ஆய்வாளர் தன் விருப்பு வெறுப்பை ஆய்வோடு கலக்காதிருப்பது, பற்றி உங்களுக்கு ஒரு சங்கடம் வரும். உங்கள் அக்காவின் கலியாணமும் அந்த ஒழுங்கையில்தான் நடக்கப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சீதனம் கூடாது என்ற உங்கள் நிலைப்பாட்டை முன்னுரையில் வெளிப்படையாக எழுதுங்கள். உறுதிகள் என்ன சொல்கின்றன என்பதை அதற்குப் பிறகு, அதிலிருந்து பிரித்து எழுதுங்கள். வீடுகளின் அட்டவணை முடிந்ததும் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே இடுங்கள். நிரல்களுக்கு நீங்கள் கொடுக்கும் தலைப்புகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.